பேலியோ தொடங்கியதும் பயிற்சி படுத்துவிட்டதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

பேலியோ (தானியத்தையும் சீனியையும் விலக்கும் உணவுமுறை) தொடங்கிய இரண்டாவது வாரம்தான் புகார்கள் வரும். "அண்ணே, எடை எறங்குது, சந்தோசம். ஆனா களத்துல எறங்குனா காலு ஓட மாட்டேங்கு." நாகர்கோவில் ஜிம்முக்கு வருகிறவரும் சரி, சாயங்காலம் கால்பந்து ஆடும் கடற்கரைப் பையனும் சரி, சொல்வது கிட்டத்தட்ட இதையேதான்.

இதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் ஒரு வரிசை பிடிபட்டிருக்கிறது: உப்பு, சாப்பாட்டு அளவு, கிழங்கு, தூக்கம், ரத்தப் பரிசோதனை. காசில்லாததில் தொடங்கி காசு பிடிப்பதில் முடியும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பவுடர் டப்பா, அப்புறம் மாத்திரை, கடைசியில் யாராவது சொன்னால் உப்பு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்று நாள் பாருங்கள். நாலையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

கீழே உங்கள் அறிகுறி எந்தத் தலைப்போ அதற்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு தலைப்புகளை எல்லாரும் படித்துவிட்டுப் போங்கள்.

முதலில்: இவற்றில் ஏதாவது இருந்தால் மேலே படிக்க வேண்டாம்

பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயங்கி விழுதல். 108ஐக் கூப்பிடுங்கள். "கேஸ்தான்" என்று சீரகத் தண்ணீர் குடித்து உட்கார்ந்திருக்காதீர்கள்.

கடும் பயிற்சிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் கட்டன்சாயா (பால் ஊற்றாத டீ) நிறத்தில் போகிறது, தசை வீங்கித் தொடவே முடியவில்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரி. தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி ரத்தப் பரிசோதனையும் டயாலிசிஸும் ஒரே இடத்தில் இருக்கும் இடமாகப் போவது நல்லது.

வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு மூன்றும் சேர்ந்து வந்து, நீங்கள் சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர் என்றாலும் அன்றே போக வேண்டும். குளுக்கோமீட்டர் நல்ல எண்ணைக் காட்டினாலும் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கலாம். இந்த மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் மாவுச்சத்தைக் குறைக்கவே கூடாது. இன்சுலின், கிளிமிபிரைடு, பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் அப்படித்தான். உணவு மாறினால் டோஸும் மாற வேண்டியிருக்கும். டைப் 1 சர்க்கரை நோய், சிறுநீரக நோய், கர்ப்பம் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானதல்ல.

நீங்கள் இருப்பது எந்தப் பேலியோ?

இதைக் கேட்காமல் யாருக்கும் பதில் சொல்ல முடிவதில்லை. நம்மூரில் பேலியோ என்று புழங்குவது பெரும்பாலும் மாவுச்சத்தை அடியோடு குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் முறை: முட்டை, பாதாம், நெய், இறைச்சி, கீரை. கிழங்கும் பழமும் கிடையாது. எடைக்கும் சர்க்கரைக்கும் வகுத்த முறை இது. மூல பேலியோவில் தானியம், பருப்பு, பால், சீனி இவைதான் விலக்கு. கிழங்குக்கும் பழத்துக்கும் இடம் உண்டு. விளையாட்டு வீரர்களுக்கென்று பேலியோவை வகுத்தவர்களே பயிற்சியை ஒட்டிய வேளைகளில் மாவுச்சத்தைக் கூட்டித்தான் கொடுத்தார்கள்.

வாரத்தில் மூன்று நாள் அரைமணி நேரம் நடப்பவருக்கு முதல் வகை ஓடும். ஐந்து நாள் ஸ்பிரிண்ட், கபடி, கனமான எடை என்று போகிறவர் முதல் வகைச் சாப்பாட்டில் நின்றுகொண்டு இரண்டாம் வகைப் பலனைக் கேட்கிறார். கீழே வரும் புகார்களில் பாதிக்கு வேர் இதுதான்.

அறிகுறி: தலைவலி, எழுந்தால் கிறக்கம், உடம்பெல்லாம் அசதி (முதல் பத்து நாள்)

முதல் சந்தேகம் உப்பு. மாவுச்சத்து குறைந்ததும் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாக வெளியே தள்ளும். அதோடு இன்னொன்றையும் கவனியுங்கள்: சோறு போனால் சோற்றோடு வந்தவையும் போகின்றன. கஞ்சிக்குப் போட்ட உப்பு, ஊறுகாய், அப்பளம், பிசைந்து சாப்பிட்ட குழம்பு எல்லாம் தட்டைவிட்டு இறங்கிவிட்டன. பாதாமிலும் அவித்த முட்டையிலும் உப்பு எங்கே இருக்கிறது? போதாததற்கு, கருப்பு டிசர்ட் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் ஆடியவர் முதுகைப் பாருங்கள். வியர்வை காய்ந்ததும் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். போனது அது.

செய்ய வேண்டிய சோதனை: பத்து நிமிடம் படுத்திருந்து பிரஷர் பாருங்கள். எழுந்து நின்று ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் உடம்பில் நீரும் உப்பும் பற்றவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

→ இறங்குகிறது, பிரஷர் மாத்திரை எதுவும் இல்லை: பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன் ஒரு கப் ஆட்டுக்கால் சூப்போ மீன் குழம்புச் சாறோ நன்றாக உப்புப் போட்டுக் குடியுங்கள். இரண்டும் இல்லாத நாளில் அரை லிட்டர் தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு, எலுமிச்சைச் சாறு. வியர்வை அதிகமுள்ள நாளில் பயிற்சிக்குப் பின்னும் இதே அளவு. மூன்று நாளில் தலைவலி விட்டால் உப்புதான் காரணம். அப்படியே தொடருங்கள்.

→ இறங்குகிறது, பிரஷர் மாத்திரை உண்டு: உப்பைக் கூட்டாதீர்கள். அளந்த எண்களை எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பெரும்பாலும் மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். அதை நீங்களாகச் செய்யக் கூடாது.

→ இறங்கவில்லை: பால் வேண்டாம் என்று சாயாவையும் சேர்த்து நிறுத்தினீர்களா? அப்படியானால் தலைவலி காஃபீன் விட்டதால். ஒரு கட்டன்சாயாவோ சீனி போடாத கட்டன்காப்பியோ குடித்துப் பாருங்கள்.

வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பது இதற்கு மருந்தல்ல. இருக்கிற சோடியமும் நீர்த்துப்போய் இன்னும் கிறங்கும். கருக்கு (இளநீர்) குடித்தேனே என்பார்கள். கருக்கில் பொட்டாசியம் தாராளம், வியர்வையில் போன அளவு சோடியம் கிடையாது. ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடித்தால் கணக்கு சரியாகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கருக்கைத் தொடுவதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

அறிகுறி: முதல் ரவுண்டு பரவாயில்லை, அப்புறம் கால் செத்துப்போகிறது

இதுதான் அதிகம் வரும் புகார். பவுடர் வியாபாரிகளுக்கு வாழ்வு கொடுப்பதும் இதுதான். காரணத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு சின்னச் சோதனை போதும். 30 மீட்டர் தூரத்துக்கு இரண்டு செருப்பை அடையாளமாக வைத்து, ஒன்றரை நிமிட இடைவெளியில் ஆறு ஸ்பிரிண்ட். ஒவ்வொன்றையும் போனில் நேரம் பிடியுங்கள். ஜிம்முக்காரர் என்றால் ஒரே எடையில் நாலு செட், எத்தனை ரெப் வந்தது என்று எழுதுங்கள். சங்குத்துறைக் கடற்கரை மணலில் ஓடிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். மணல் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி.

→ முதல் ஓட்டமே மந்தம்: கிழங்கைப் பற்றி யோசிக்கும் முன் உப்பு, மொத்த அளவு, தூக்கம் மூன்றையும் பாருங்கள்.

→ முதல் இரண்டும் வழக்கம்போல, மூன்றாவதிலிருந்து சரிவு: தசையில் இருப்பு வைத்த மாவுச்சத்து காலி. கிழங்குக்குப் போங்கள்.

→ ஓட்டம் ஓரளவு வருகிறது, ஆனால் மூச்சு முன்பைவிட இரைக்கிறது, மாடி ஏறினாலே படபடப்பு: ஹீமோகுளோபின் பாருங்கள். ஆண்களுக்கு 13க்கும், பெண்களுக்கு 12க்கும் கீழே இருந்தால் பயிற்சியாளரிடம் அல்ல, டாக்டரிடம்தான் பதில் உண்டு.

*மொத்த அளவு.* ஒரு கபடிப் பையனின் தட்டைப் பார்ப்போம். எடை 70 கிலோ. காலையில் நாலு முட்டை, மதியம் ஊறவைத்த 100 பாதாம், இரவு 300 கிராம் கோழி, கொஞ்சம் கீரை. சாயங்காலம் ஐந்தரைக்குக் களம். முட்டை சுமார் 280 கலோரி, பாதாம் சுமார் 700, கோழி எண்ணெயோடு 600, கீரையும் தாளிப்பும் 200. மொத்தம் 1,800க்குள். இரண்டு மணி நேரம் முட்டி மோதி ஆடுகிற 70 கிலோ உடம்புக்கு 2,800 பக்கம் வேண்டும். தினமும் ஆயிரம் கலோரி துண்டு விழுகிறது. மாவுச்சத்து, நார்ச்சத்தையும் சேர்த்தே, 35 கிராமைத் தாண்டாது. அவனிடம் கேட்டால் "வயிறு நெறஞ்சுதான் அண்ணே இருக்கு" என்பான். பொய் இல்லை. பாதாமும் கொழுப்பும் பசியை அமுக்கிவிடும். அதனால் இந்த உணவில் பசியை நம்பி அளவு வைக்க முடியாது. மூன்று நாள் சாப்பிட்டதை எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

துண்டு விழுந்தால் முதலில் கை வைக்க வேண்டியது தேங்காய். 100 கிராம் தேங்காயில் சுமார் 350 கலோரி. அவியல், தோரன், தேங்காய் அரைத்த மீன் குழம்பு என்று நம் சமையலில் ஏற்கெனவே இருப்பதுதான். பாதாம் வாங்கும் காசில் பாதிக்கு வீட்டுத் தேங்காயும் சாளை (மத்தி) மீனும் வந்துவிடும் என்று எத்தனை தடவை சொன்னாலும் பாதாமுக்குத்தான் மவுசு.

*கிழங்கு.* அளவைச் சரிசெய்தும் மூன்றாவது ஓட்டத்தில் சரிவு இருந்தால், பயிற்சிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன் 200 கிராம் அவித்த மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), மீன் குழம்போடு. மாவுச்சத்து 60 கிராமுக்கு மேல் கிடைக்கும். அவ்வளவு நேரம் கிடைக்காதவர், ஆபீஸ் விட்டு நேரே களத்துக்கு வருகிறவர், முக்கால் மணி நேரம் முன் நன்றாகப் பழுத்த ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) ஒன்று சாப்பிடலாம். சுமார் 40 கிராம். பயிற்சி முடிந்து இரவுச் சாப்பாட்டில் மறுபடி கிழங்கு: சேனை, காச்சில், சேம்பு, சீனிக்கிழங்கு (சர்க்கரைவள்ளி), கிடைக்கும் காலத்தில் சிறுகிழங்கு. சீனிக்கிழங்கில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவில்தான் மாவுச்சத்து, சேனையில் அதையும்விடச் சற்றுக் குறைவு. மரச்சீனிக்குப் பதில் இவை என்றால் தட்டில் கூடுதலாக வைக்க வேண்டும்.

எவ்வளவு? எடை குறைக்க வேண்டியவர், கடும் பயிற்சி நாளில் கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் மாவுச்சத்தில் தொடங்கலாம். எடை குறைக்கத் தேவையில்லாத ஆட்டக்காரர் மூன்று கிராம். 70 கிலோவுக்கு 210 கிராம். பழத்தையும் கருக்கையும் கணக்கில் சேர்த்தால் எட்டாத அளவில்லை. ஓய்வு நாளில் கிழங்கைக் குறைத்துக் கீரையையும் மீனையும் கூட்டுங்கள். ஆட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் இடைவேளையில் ஒரு மேசைக்கரண்டி மார்த்தாண்டம் தேனைத் தண்ணீரில் உப்போடு கரைத்துக் குடிப்பது போதும். அதில் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. சீசனில் அக்கானி (பதநீர்) கிடைத்தால் ஒரு டம்ளர். பேலியோ விதிப்படி அது சரியா என்று கேட்பார்கள். ஆட்ட நாளில் எனக்கு அந்தக் கவலை இல்லை.

"கற்கால மனுசன் மரச்சீனி தின்னானா?" என்றும் கேட்பார்கள். இல்லை. அது தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ஊக்கம் கொடுத்த பிறகுதான் இந்தப் பக்கமெல்லாம் பரவியது. ஆனால் நம் வேளிமலை அடிவாரத்துக் கற்கால மனிதன் பாதாமையும்தான் கண்டிருக்க மாட்டான்.

மூன்று எச்சரிக்கை. மரச்சீனியைத் தோலும் உள்தொலியும் உரித்து, துண்டு போட்டு, தண்ணீர் நிறைய வைத்துத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசந்தால் எறிந்துவிடுங்கள். இரண்டாவது, ஏத்தங்காய் சிப்ஸும் மரச்சீனி வறுவலும் இந்தக் கணக்கில் வராது. எண்ணெய் வயிற்றில் கிடந்து பயிற்சியைக் கெடுக்கும். மூன்றாவது, கிழங்கு சாப்பிட்ட மறுநாள் காலை எடை மெஷின் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ கூடக் காட்டும். கொழுப்பல்ல. தசையில் ஒரு கிராம் மாவுச்சத்து இருப்பு வைக்கும்போது மூன்று கிராம் அளவு தண்ணீரும் சேர்ந்து தங்குகிறது. முதல் வாரம் சரசரவென்று இறங்கிய எடையில் பெரும்பங்கும் இதே தண்ணீர்தான். பதறிப்போய்க் கிழங்கை நிறுத்தியவர்கள் அடுத்த வாரமே கால் செத்துப்போகிறது என்று திரும்பி வருவார்கள்.

*பொறுத்திருந்தால் சரியாகாதா?* மெதுவான ஓட்டம், சைக்கிள், நீச்சல் என்றால் ஆகும். மூன்று நாலு வாரத்தில் உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகிவிடும். ரெய்டு, ஸ்பிரிண்ட், மூச்சு முட்டும் செட் இவற்றுக்கு எத்தனை வாரம் காத்தாலும் முழுச் சுறுசுறுப்பு வராது. அந்த வேகத்துக்குக் கொழுப்பு எரிந்து முடியாது.

அறிகுறி: கெண்டைக்காலில் குரக்கு (தசைப்பிடிப்பு) பிடிக்கிறது

ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் மட்டும் வந்தால் தசை களைப்புதான் முதல் காரணம். பயிற்சி அளவை ஒரு வாரம் குறைத்துப் பாருங்கள். குரக்கு பிடித்ததும் காலை நீட்டிப் பாதத்தை முட்டியை நோக்கி இழுத்துப் பிடித்தால் விட்டுவிடும்.

ராத்திரி தூக்கத்திலும் வருகிறது, டிசர்ட்டில் வெள்ளைக் கோடும் விழுகிறது என்றால் வியர்வை அளவை அளந்து பாருங்கள். பயிற்சிக்கு முன் ஒண்ணுக்குப் போய்விட்டு, குறைந்த துணியில் எடை. முடிந்ததும் துடைத்துவிட்டு மறுபடி எடை. ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை, நடுவில் குடித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவான உப்பு போயிருக்கும். ஆளுக்கு ஆள் இது மாறும். நம் கடற்கரை ஈரப்பதத்தில் வியர்வை உலராமல் வடிந்துகொண்டே இருப்பதால் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் போனாலும் ஆச்சரியமில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் ஆடினால் வியர்வையே தெரியாது. அங்கேதான் எடை பார்த்தால் திடுக்கென்றிருக்கும்.

உப்பைச் சரிசெய்தும் போகவில்லை என்றால் கீரை, பூசணி விதை என்று மெக்னீசியம் உள்ளதைக் கூட்டுங்கள். மாத்திரை அதற்குப் பிறகு. கொலஸ்ட்ரால் மாத்திரை எடுப்பவர்களுக்குத் தசைவலி அதனாலும் வரும், டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரே காலில் மட்டும் வீக்கம், சூடு, அமுக்கினால் வலி என்றால் அது குரக்கே அல்ல. ரத்தம் உறைந்திருக்கலாம். நீவிவிடாமல் அன்றே ஆஸ்பத்திரி.

அறிகுறி: பயிற்சி நடுவில் குமட்டல், வாந்தி, வயிற்றைக் கலக்குதல்

என்ன சாப்பிட்டீர்கள் என்பதைவிட எப்போது என்பதுதான் கேள்வி. வெண்ணெய் போட்ட காப்பி, தேங்காய்ப்பால், நெய்யில் மிதக்கும் முட்டை எல்லாம் வயிற்றைவிட்டு இறங்க நேரமாகும். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள். நெருக்கத்தில் பழம் மட்டும். தேங்காய் எண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் குடித்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயிறு ஓடுவதில் மர்மம் ஒன்றுமில்லை.

வலது விலாவுக்குக் கீழே, கொழுப்பு சாப்பிட்ட பிறகு மணிக்கணக்கில் வலி வந்து முதுகுக்கோ தோளுக்கோ பரவினால் ஸ்கேன் எடுங்கள். வேகமாக எடை குறைகிறவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும்.

அறிகுறி: கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் மங்கல்

பயிற்சியை நிறுத்தி உட்காருங்கள். குளுக்கோமீட்டர் இருந்தால் பாருங்கள். 70க்குக் கீழே என்றால், அல்லது மீட்டரே இல்லையென்றால், ஒரு மேசைக்கரண்டி தேனோ குளுக்கோஸ் தூளோ உடனே. 15 நிமிடத்தில் மறுபடி பார்த்து, ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. ஆள் சுயநினைவில் இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108தான்.

இன்சுலின், கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவருக்கு இது ஒரு தடவை வந்தாலே அன்று டாக்டரிடம் பேச வேண்டும். மெட்பார்மின் மட்டும் என்றால் ஆபத்து குறைவு. வோக்லிபோஸ், அகார்போஸ் எடுப்பவர்கள் பையில் குளுக்கோஸ் தூளையே வைத்துக்கொள்ளுங்கள். சீனி அவர்களுக்கு உடனே ரத்தத்தில் சேராது.

மாத்திரை எதுவும் இல்லாதவருக்கு, எண் 80, 90 இருந்தும் நடுக்கம் வந்தால் பெரும்பாலும் காலையிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் களத்தில் இறங்கியிருப்பார். விரதத்தையும் பேலியோவையும் கடும் பயிற்சியையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள்.

அறிகுறி: உடம்புவலி மூன்று நாளாகியும் போகவில்லை, தூக்கும் எடை வாரா வாரம் குறைகிறது

முதலில் புரதம். பேலியோ என்றாலே புரதம் நிறைய என்று நினைப்பு. பாதாமை நம்பியிருப்பவர்களுக்கு அது பலிக்காது. கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம் வேண்டும். 70 கிலோவுக்கு 110 முதல் 140. முட்டைக்கு 6 கிராம், மீனுக்கு 100 கிராமில் சுமார் 20 என்று போட்டுப் பாருங்கள். சாளையும் அயிலையும் நெய்மீனுக்குப் புரதத்தில் சளைத்தவை அல்ல. விலையில்தான் வித்தியாசம்.

விசைப்படகு தடைக்காலத்தில் இந்தக் கணக்கு உடையும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு கரையும் உண்டென்பதால் கிழக்கே சின்னமுட்டம் ஓய்ந்து திரும்பும்போது மேற்கே குளச்சல் ஓய்ந்திருக்கும். மீன் விலை ஏறி, தட்டில் மீன் சுருங்கி, ஜூன் மாதத்தில் "பலம் போச்சு" என்று வருபவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் மீன்கடைதான். கட்டுமரம், வள்ளத்து மீன் கிடைத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் முட்டையும் கோழியும். நெத்திலிக் கருவாடு புரதத்தோடு உப்பையும் சேர்த்துத் தரும், பிரஷர்காரர்கள் தவிர.

புரதம் சரி என்றால் தூக்கம். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடியை எண்ணுங்கள். ஒரு வாரம் எண்ணினால் உங்கள் வழக்கம் தெரியும். அதைவிட 8, 10 கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் ஓய்வெடுங்கள். இரவில் தூக்கம் வராமல் புரள்பவர்கள் கிழங்கை மதியத்திலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாற்றினால் பலருக்குத் தூக்கம் வருகிறது. ஆறு மணிக்குப் பிறகு காப்பி கூடாது, பயிற்சி முடிந்த கையோடு என்றாலும்.

இதெல்லாம் செய்தும் நாலு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்பு இருப்பு), தைராய்டு, வைட்டமின் டி, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு). பேலியோ தொடங்கும் முன்பே ஒரு கொலஸ்ட்ரால் அறிக்கையும் எடுத்து வைத்திருங்கள். சிலருக்கு எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) எக்கச்சக்கமாக ஏறும். பழைய எண் இல்லாமல் அதைப் பேசவே முடியாது.

அறிகுறி: மாதவிடாய் தள்ளிப்போகிறது, நின்றுவிட்டது

பயிற்சிக்குப் போதுமான சாப்பாடு இல்லை என்பதற்கு உடம்பு காட்டும் குறி இது. "எடை குறையுதுல்லா, பரவாயில்ல" என்று விடாதீர்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அன்றிலிருந்தே கிழங்கையும் மொத்த அளவையும் கூட்டுங்கள், பயிற்சியைக் குறையுங்கள். மூன்று மாதம் வரவில்லையென்றால் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். எலும்பு பாதிக்கும். இதில் கடுமையான குறைமாவு முறையைத் தொடரச் சொல்லும் எந்தப் பயிற்சியாளர் பேச்சையும் கேட்க வேண்டாம்.

அறிகுறி: மலச்சிக்கல்

கீரை, வாழைத்தண்டு, துருவிய தேங்காய், தண்ணீர், உப்பு. ராத்திரி ஒரு பாளையங்கோட்டான் பழம். பத்து நாளில் சரியாகும். மலத்தில் ரத்தம் வந்தால் மட்டும் டாக்டர்.

அறிகுறி: கால் பெருவிரல் மூட்டு திடீரென்று சிவந்து வீங்குகிறது

யூரிக் அமிலம். மாவுச்சத்தை வெட்டிய முதல் வாரங்களில் அது ஏறும். சாளை, நெத்திலி, ஈரல் கூட்டும். முன்பே கவுட் வந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் திரும்ப வரும். ஓய்வு, தண்ணீர், டாக்டர். மூட்டு வீங்கியிருக்கும்போது ஓடாதீர்கள். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அன்றே காட்ட வேண்டும், மூட்டுக்குள் சீழ் பிடித்தாலும் இப்படித்தான் இருக்கும்.

சைவக்காரர்களுக்கு

பருப்பும் இல்லை, பாலும் இல்லை, மீனும் இல்லை என்றால் கடும் பயிற்சிக்கான புரதம் எங்கிருந்தும் வராது. பனீர் சேர்த்தாலும் 120 கிராமைத் தொடுவது பெரும்பாடு. என் பேச்சைக் கேட்டால் சிறுபயறும் தயிரும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பேலியோ என்று பெயர் இருக்காது. வைட்டமின் பி12 அளவை மட்டும் வருடம் ஒருமுறை பாருங்கள்.

டாக்டரிடம் போகும்போது

"பேலியோ இருக்கேன், அசதியா இருக்கு" என்று மட்டும் சொன்னால் "சோறு சாப்பிடு" என்ற பதிலோடு வீட்டுக்கு வருவீர்கள். மூன்று நாள் சாப்பிட்ட பட்டியல், படுத்தும் நின்றும் பார்த்த பிரஷர், காலை நாடி, பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை. இவற்றை ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஜிம்மில் கொடுத்த பவுடரின் டப்பாவையும் சேர்த்து. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பவர்கள்தான் அதிகம். கிரியாட்டினின் அறிக்கை கூடியிருந்தால் டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்த டப்பாவைத்தான்.